லோரியில் டிக் டிக்: பாப்பாவுக்கு ஒரு கடிதம்

பாப்பா,

உன் லோரி எஞ்சினில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்று திங்கட்கிழமை நீ அனுப்பிய பதிவை ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பாய், அந்த டிக் டிக் என் காதிலேயே விழவில்லை. எஞ்சின் ஓடுவது கேட்கிறது, நீ மாப்பிள்ளையை "டார்ச்ச நேரா பிடிங்க" என்று அதட்டுவது நன்றாகவே கேட்கிறது, அது மட்டும் கேட்கவில்லை. 30 வருஷம் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்து ஓட்டியதற்குக் காது கொடுத்த கூலி. அம்மாவிடம் கொடுத்தேன். காதில் வைத்த உடனே, "தையல் மெஷின் மாதிரி அடிக்குதே, இதுகூடவா கேக்கல" என்றாள்.

அப்புறம் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன், பாலிடெக்னிக் படிக்கிறானே, அவன். கைப்பேசியில் எதையோ தட்டிப் பதிவைக் கால் வேகத்துக்கு இறக்கிக் கொடுத்தான். வேகம் குறைந்ததும் சத்தமும் கட்டையாகிவிட்டது, அப்போதுதான் எனக்கே கேட்டது. அவன் கடிகாரத்தைப் பார்க்க, நான் மேசையில் விரலால் தட்டி எண்ணினேன். 20 விநாடிக்கு 29 தட்டு. நிஜ வேகத்துக்குக் கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 348. உன் இசுசூ லோரியில் இருப்பது 4ஜேபி1 என்கிற 2.8 லிட்டர் எஞ்சின், நின்ற இடத்தில் நிமிஷத்துக்கு 700 சுற்றுப் பக்கம்தான் ஓடும். கிட்டத்தட்ட அதில் பாதி!

பாதி என்றால் என்ன என்று கேட்பாய். டீசல் எஞ்சினில் பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று வந்தால்தான் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்று வரும். ஒவ்வொரு வால்வும் அந்த இரண்டு சுற்றுக்கு ஒரு முறை திறக்கும், ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஒரு முறை டீசல் அடிக்கும், ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை புகையை வெளியே தள்ளும். ஆக, ஏதோ ஒரு சிலிண்டரில் டேப்பட் (வால்வை அழுத்தும் ராக்கரில் இடைவெளி கூடிப்போவது) தட்டுகிறது, இல்லை இன்ஜெக்டர் தட்டுகிறது, இல்லை புகை போகும் குழாயான மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்தில் வைக்கும் கேஸ்கெட் வழியாகப் புகை கசிகிறது. இந்த மூன்றில் ஒன்று என்றுதான் எனக்குப் படுகிறது.

செந்தூல் பட்டறை ஃபோர்மேன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை மாற்றச் சொன்னார் என்றாய். டைனமோ பெல்ட்டில் ஓடுவது, கிராங்கைவிட வேகமாகச் சுற்றும். அதன் வாலில் இருக்கும், பிரேக்குக்கு உதவும் வேக்கூம் பம்ப் தேய்ந்தால் சத்தம் வரும், அது வாஸ்தவம், ஆனால் அது கடகடவென்று ஒரே ஓட்டமாக வரும், இப்படி விரல் விட்டு எண்ண முடியாது. (அந்தப் பம்பை மறந்துவிடாதே. என்றைக்காவது பிரேக் மிதி கட்டை மாதிரி இறுகினால் முதலில் அதைப் பார்.) இன்னொருவர் கிராங்க் பக்கத்துப் பியரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றாராம். பியரிங் சத்தம் டிக் என்று வராது, அடியிலிருந்து டொக் டொக் என்று வரும், பாரம் ஏறினால் இன்னும் கூடும். செலாயாங் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு வரும்போதும் சத்தம் அதே அளவுதான் என்று நீயே சொல்லிவிட்டாய். ஆனால் ஒன்று, ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு இழுத்துப் போக ஆள் கூப்பிடு.

நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இதே டிக் டிக்குக்கு நான் ஒரு முறை எஞ்சினை இறக்கினவன். 1992. ஹைவே இன்னும் முழுசாகத் திறக்கவில்லை, பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குத் தைப்பிங், ஈப்போ, தாப்பா என்று பல இடங்களில் பழைய ரோட்டில்தான் போக வேண்டும். ஏற்றம் வந்தால் சத்தம் கூடியது. இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன், ஃபோர்மேன் போனட்டைத் திறந்த கையோடு "பியரிங்" என்றார். நானும் தலையாட்டினேன். 16 நாள் லோரி கட்டை மேல் நின்றது, 3,800 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, அதில் 2,000 அம்மா சீட்டுக் கட்டி எடுத்தது. எஞ்சினை மாட்டி ஸ்டார்ட் செய்தால் அதே டிக் டிக். ஃபோர்மேன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ட்ரிப்பில் பீடோரில் சாப்பிட நிறுத்தினேன். பக்கத்தில் டயர் ஒட்டும் சீனக் கிழவர் ஒருவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, எஞ்சின் ஆறட்டும், விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணு என்றார். லோரியிலேயே படுத்தேன். காலையில் கடை வாசலில் இருந்த சிவப்புச் சாமி மாடத்திலிருந்து எரிகிற ஊதுபத்தி ஒன்றை எடுத்து வந்தார். மேனிஃபோல்டு ஓரமாக மெதுவாக நகர்த்தினார். முதல் சிலிண்டரிடம் புகை நேராக ஏறியது, இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் வந்ததும் புகை துண்டு துண்டாகத் தெறித்தது, ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு துண்டு. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொண்டது, சத்தமும் பாதியாகிவிட்டது. கேஸ்கெட் 18 வெள்ளி. ஊதுபத்தியைத் திரும்பக் கொண்டுபோய் மாடத்தில் குத்திவிட்டுத்தான் என்னிடம் காசு வாங்கினார்.

அதனால் நீயும் அதையே முதலில் செய். ராத்திரி முழுக்க நின்ற லோரி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சமதளத்தில் ஆயில் அளவைப் பார், குறைந்திருந்தால் 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் ஊற்று, ஃபோர்மேன்கள் மலாயில் மின்யாக் ஹித்தாம் என்பார்களே, அதுதான். டீசல் எங்கேயும் கசியவில்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்து ஊதுபத்தியைக் கொளுத்து. மேனிஃபோல்டு இணைப்பில் கரி பூசினாற்போல் கறுப்புத் தடம் இருந்தாலும் அதே அர்த்தம். தலைமுடியை முடிந்துகொள், துப்பட்டா வேண்டாம், வளையலைக் கழற்றிவிடு, ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாதே.

புகை நேராக ஏறினால் அடுத்தது நீளமான ஸ்க்ரூடிரைவர். முனையை எஞ்சின் மேலே வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவர் மேல் ஊன்றிப் பிடியைக் காதோடு வை. அப்புறம் ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் வை. நாலும் தட்டத்தான் தட்டும், பழைய டீசல் அப்படித்தான், ஒன்று மட்டும் மற்றதைவிடக் கூர்மையாகத் தட்டுகிறதா என்று கேள். சந்தேகமாக இருந்தால் ஃபோர்மேனிடம் அந்த இன்ஜெக்டர் பைப் நட்டை அரைத் திருகு தளர்த்தச் சொல். அந்தச் சிலிண்டர் வேலை செய்யாமல் நிற்கும். சத்தமும் கூடவே நின்றால் கோளாறு அந்தச் சிலிண்டருக்குள் இருக்கிறது, பெரும்பாலும் இன்ஜெக்டர். நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் டேப்பட். இதை நீ செய்யாதே, அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டீசல் பம்ப் வைத்த பழைய எஞ்சினில் மட்டும்தான் இது, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாய் உள்ள புது காமன் ரெயில் லோரிகளில் தொடவே கூடாது.

டேப்பட் என்றால் பயமே இல்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது எட்டு வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே 0.40 மில்லிமீட்டர் இடைவெளி. முதல் சிலிண்டர் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நாலு வால்வு, கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மீதி நாலு. பக்கத்தில் நின்று இடைவெளி அளக்கும் ஃபீலர் தகட்டை நீயும் ஒரு முறை இழுத்துப் பார், பழைய கணக்குப் புத்தகத்துக்கு நடுவிலிருந்து ரசீதை உருவுகிற மாதிரி லேசான பிடிப்பு இருக்க வேண்டும். சத்தம் போகட்டும் என்று இறுக்கிவிடுவார்கள், விடாதே. வால்வு முழுசாக மூடாமல் கருகிப் போகும், அப்போது ஒரு சத்தமும் வராது, அதுதான் ஆபத்து. சரியாக வைத்தும் ஒன்று மட்டும் தட்டினால் ராக்கர் முனையில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல். அங்கே குழி விழுந்திருந்தால் தகடு குழிக்கு மேலே பாலம் மாதிரி நின்றுவிடும், நீ 0.40 என்று நினைப்பாய், உள்ளே அதைவிட அதிகம் இருக்கும்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு வருகிறேன் என்றாயே, லோரியில் வராதே, ரயிலில் வா. அம்மா இப்போதே தண்ணீர்ப் பந்தலுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சின்ன மாமா ரயிலில் வருகிறார், அவரிடம் என் ஃபீலர் கேஜைக் கொடுத்து அனுப்புகிறேன். எண்ணெய்த் துணியில் சுற்றியிருக்கிறேன், பிரித்ததும் துணியைத் தூக்கிப் போட்டுவிடாதே. 0.40 தகடு எப்போதோ ஒடிந்துவிட்டது. 0.15, 0.25 இரண்டையும் சேர்த்துப் பிடி.

அப்பா