எங்கள் கிளை நூலகத்துக் கோடைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிள்ளைகள் புது நோட்டுக்கு அட்டை போடுகிற வேலையில் இருக்கிறார்கள், நூலகத்தில் மறுபடியும் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இப்போது எழுதாவிட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன் என்பதால் உட்கார்ந்துவிட்டேன். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்காக மே மாதம் முழுக்க நடந்த கோடை வாசிப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கான மடல் இது. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டார்கள். மீதிப் பேர் பெயரைப் போட்டால் விட்டுப்போனவர் யார் யார் என்று அரை மணி நேரத்தில் ஊரே கண்டுபிடித்துவிடும், ஆகவே ஒரு பெயரும் போடவில்லை. உங்களுக்கு உங்களைத் தெரியும்.

முதல் நன்றி, முதல் வாரம் வராமல் இருந்த பிள்ளைகளுக்கு. கிண்டலாகச் சொல்லவில்லை. வாசகர் வட்டத்தில் நாங்கள் நான்கு பெரியவர்கள் கூடிப் போட்ட திட்டம் என்ன தெரியுமா? திங்கள் பேச்சுப் போட்டி, செவ்வாய் கட்டுரைப் போட்டி, புதன் குறள் ஒப்புவித்தல், வியாழன் வாசிப்பின் பயன்கள் பற்றி நானே ஒரு மணி நேரம் பேசுவது. ஃப்ளெக்ஸ் எல்லாம் அடித்தோம். முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். மூன்றாம் நாள் அந்த இரண்டு பேரும் வரவில்லை. வந்திருந்த ஒன்பதாவது படிக்கிற பெண் என்னைப் பார்த்து, "சார், இதுவும் ஸ்கூல்தானே? லீவுல எதுக்கு இன்னொரு ஸ்கூல்?" என்றாள். பதில் இல்லை என்னிடம். அன்றைக்கே பேச்சைக் கிழித்துப் போட்டேன் (நல்ல பேச்சுதான், என்ன செய்ய).

எங்கள் நூலகர் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டக் குறிப்பேட்டை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, "நீயே எழுதும்மா, என்ன வேணும்னு" என்றார். மறுநாள் அவள் தன் கூட்டாளிகளோடு வந்து எழுதிக் கொடுத்த பட்டியலில் நான்கே வரிதான். முதல் பரிசு இரண்டாம் பரிசு வேண்டாம். பெரியவர் யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது. பேய்க் கதை, கிரைம் நாவல், காமிக்ஸ் எல்லாம் வாசிப்புக் கணக்கில் சேர வேண்டும். எங்களுக்குப் பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடினால் திட்டக்கூடாது. மூன்றாவது வரியில் எங்கள் வட்டத்தில் ஒரு மூத்தவருக்கு மனத்தாங்கல்தான். ஆனால் தன் பன்னிரண்டு வயதில் என்ன படித்தோம் என்று அவரையே யோசிக்கச் சொன்னபோது சிரித்துவிட்டார். கடைசியில் பேய்க் கதை வாசிப்பு மாலையில் விளக்கை அணைத்துவிட்டு அதிகமாகப் பயமுறுத்தியது அவர்தான். அவருக்கும் நன்றி.

சரி, அடுத்த சிக்கல் சத்தம். கிளை நூலகம் என்றால் எங்கும் இருக்கிற காட்சிதான் எங்கள் ஊரிலும்: வாசிப்பு அறையில் பாதி நாற்காலி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற அண்ணன் அக்காக்களுடையது. அவர்களுக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும். பதினைந்து பிள்ளைகள் சேர்ந்து சிரித்தால் என்ன ஆகும்? பிள்ளைகளின் பட்டியல்படி ஆரம்பித்த இரண்டாம் நாளே நூலகரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதில் தப்பும் இல்லை. அந்தத் தேர்வுதான் அவர்களுக்கு வாழ்க்கை. பக்கத்துப் பழைய ரைஸ் மில்காரர் தன் களத்தையும் வேப்பமரத்தையும் மாலை நாலரைக்குமேல் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்காவிட்டால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். கத்திரி வெயிலில் அந்த மர நிழல் செய்ததை எந்த ஹால் செய்திருக்கும்? பெரிய நன்றி ஐயா. புகார் எழுதிய தம்பிகளில் மூன்று பேர் இரண்டாவது வாரத்திலிருந்து படிப்பு அலுத்த நேரத்தில் அங்கே வந்து உட்கார்ந்து, பொது அறிவைக் கேள்வி பதிலாக்கி பிள்ளைகளோடு விளையாட ஆரம்பித்தது நாங்கள் திட்டமிடாதது. "எங்களுக்கும் ரிவிஷன் ஆகுது சார்" என்றார்கள். உங்களுக்கு இந்த வருடம் வேலை கிடைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பொட்டலப் புத்தகம். அது எப்படி வந்தது என்றால், ரங்கநாதன் பற்றி நூலகர் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார் (ஐந்து நிமிடத்துக்குள்தான்). சீர்காழியில் பிறந்தவர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார், அதில் ஒன்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. உடனே ஒரு பையன், "அப்போ யாருமே எடுக்காத புக்குக்கு?" என்று கேட்டான். அவ்வளவுதான், அன்று சாயங்காலம் முழுக்க தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழாத புத்தகங்களைத் தேடுவது வேட்டையாகிவிட்டது. கடைசி அலமாரி, ஏணி போட்டு ஏறும் மேல் தட்டு, பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்று இரண்டு நாளில் நாற்பதுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். தூசியில் தும்மித் தும்மி நூலகருக்கு மாத்திரை வாங்கிக்கொடுக்க வேண்டி வந்தது.

அந்தப் புத்தகங்களைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, மேலே ஒரே ஒரு வரி மட்டும் எழுதி வைத்தார்கள். "இதில் ஒரு கிணறு இருக்கிறது, எட்டிப் பார்க்காதே" என்கிற மாதிரி. பிரிக்காமல் எடுத்துப் போக வேண்டும், வீட்டில்தான் பிரிக்க வேண்டும். பசையும் டேப்பும் இல்லாமல் சணலை ஒரே சுற்றில் போட்டு முடிச்சிடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர் கடைத்தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. இப்போது கவர் வந்துவிட்டது, பொட்டலம் மடிக்கத் தெரிந்த கை அவரோடு போய்விடும் என்று நினைத்திருந்தாராம். இன்றைக்கு எங்கள் ஊரில் இருபது பிள்ளைகளுக்கு அரைக்கிலோ துவரம் பருப்பைச் சிந்தாமல் கட்டத் தெரியும். சணல் உருண்டைக்குக் காசு வாங்காததற்கும் சேர்த்து நன்றி அண்ணாச்சி.

பரமபதத் துணியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் என்னை விடமாட்டார்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கடை போர்டு எழுதும் வேலை இல்லாமல் போன ஓவியர் ஒருவர், பழைய எட்டு முழ வேட்டியில் நூறு கட்டம் போட்டு, ஏணியும் பாம்பும் வரைந்து கொடுத்தார். ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு, நூலகத்துக்கு வராத யாராவது ஒருவருக்கு, பாட்டியோ டீக்கடைக்காரரோ, அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வந்தால் ஒரு தடவை தாயம் உருட்டலாம். பாம்புக் கட்டங்களில் எழுதியிருந்ததெல்லாம் பிள்ளைகளின் கைவரிசை: முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் படித்தாய், அக்காவைப் படிக்கச் சொல்லிக் கதை கேட்டாய், புத்தகத்தில் குழம்பு ஊற்றினாய். நீளமான ஏணிக்குக் கீழே எழுதியிருந்தது, "பிடிக்கவில்லை என்று காரணத்தோடு சொன்னாய்". ஒருவன் தன் ஆட்டுக்குக் கதை சொன்னதாக வாதாடினான். பஞ்சாயத்து கூடி அவனுக்குப் பாதித் தாயம் கொடுத்தது. ஓவியர் ஐயா, கூலியைத் தொடவே மாட்டேன் என்றீர்கள், சரி, ஆனால் அந்த வேட்டி இனிமேல் நூலகத்தின் சொத்து, திருப்பித் தர மாட்டோம்.

இனி கொஞ்சம் கஷ்டமான பகுதி. பெண் பிள்ளைகளை மாலையில் அனுப்ப வீடுகளில் தயக்கம். ஒரு அப்பா, "லைப்ரரியால எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். நூலகர் அவரிடம் வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொன்னார். நூலக வரி என்று ரூபாய்க்கு 10 பைசா தனியாகப் போட்டிருந்ததைக் காட்டி, "வருஷா வருஷம் கட்டிட்டு வர்றீங்க அண்ணே, வாங்கிக்கத்தான் வரலை" என்றார். 1948ல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து இந்த வரியும் கூடவே வருகிறது, பல பேர் ரசீதில் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. மறுநாள் மகளைக் கொண்டுவந்து விட்டவர், அவளைக் கூட்டிப்போகும்வரை சும்மா நிற்பானேன் என்று பேப்பர் படிக்க உட்கார்ந்தார். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

அப்படியும் வராதவர்கள் இருந்தார்கள். நூலகத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட எங்கள் உறுப்பினர் பதிவேட்டில் இல்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. இத்தனை வருடம் நாங்களும் பேசவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மாட்டு வண்டி பற்றிப் பேச்சு வந்தது அப்போதுதான். ரங்கநாதன் விதிகள் எழுதிய அதே 1931ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியதைக் கேட்ட பிள்ளைகள், நமக்கும் வண்டி வேண்டும் என்று நின்றார்கள். மாட்டுக்கு எங்கே போவது? காலையில் காய்கறி விற்று முடித்துவிடும் அக்கா தன் தள்ளுவண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். வாரத்துக்கு மூன்று சாயங்காலம் அந்த வண்டி அந்தத் தெருவுக்குப் போனது. முதல் நாள் யாரும் கிட்டே வரவில்லை. இரண்டாம் நாள் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தார்கள். கடைசி வாரம் பதினோரு பிள்ளைகள் உறுப்பினர் ஆனார்கள். அவர்களுக்குக் காப்புத் தொகையும் சந்தாவும் கட்டிய ஆட்டோ அண்ணன், இதை எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தார்; மன்னித்துக்கொள்ளுங்கள். அக்கா, நான்கைந்து புத்தகங்களில் இன்னும் கொத்தமல்லி வாசம் போகவில்லை. ஒன்றில் அடையாளத்துக்குக் கறிவேப்பிலை வைத்திருக்கிறார்கள்.

தினமும் நீர்மோர் அனுப்பிய வீடுகளுக்கு, கரண்ட் போன அன்று எமர்ஜென்சி விளக்கோடு ஓடி வந்த எலக்ட்ரீசியன் தம்பிக்கு, குறிப்பேட்டை ஒருநாள் விடாமல் எழுதிய அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு (அவள் இப்போது பத்தாவது, இந்த வருடம் விட்டுவிடுங்கள் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார், பார்ப்போம்), வாசகர் வட்டத்தின் சார்பில் நன்றி.

இரண்டு விஷயம் பாக்கி. ஏழு பொட்டலங்கள் இன்னும் திரும்பவில்லை. யார் எடுத்தது என்று தெரியும், ஆனால் கேட்கப்போவதில்லை, படித்து முடித்ததும் கொண்டுவாருங்கள். அப்புறம், நீர்மோர் வந்த பெரிய பித்தளைப் பானை யாருடையது என்று தெரியவில்லை, மூன்று வீட்டில் கேட்டாயிற்று, மூவரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள். நூலகர் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை, மற்ற நாளில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.