வாயு இல்லை, தம்பி

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு இரவு

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதமா என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பலாம்தான். மூன்று தடவை பேசி, மூன்று தடவையும் அழித்துவிட்டேன். வாயைத் திறந்தால் பாதியில் "சரி, சாப்பிட்டியா" என்று பேச்சு வேறு பக்கம் ஓடிவிடுகிறது. அதனால் உன் தங்கை பாப்பாவின் பழைய பள்ளி நோட்டில் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடித்ததும் அவள் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

போன மாதம் நீ ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிட்டபோது கடையில் நல்ல கூட்டம். ஒரு கையில் டீ ஆற்றும் குவளை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். "அம்மா, அப்பாவுக்கு இருதயத்துல ஏதும் இருந்துச்சா? உடம்பைப் பாத்துக்க எனக்குப் போன்ல பயிற்சி குடுக்குற அந்த அக்கா கேக்குறாங்க" என்றாய். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லை, வாயுதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீயும் அதையே அந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பாய்.

அது பொய், தம்பி. பதினேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே உண்மை மாதிரி ஆகிப்போன பொய்.

2008, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அப்பாவுக்கு 44 வயது, உனக்குப் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். தாடை வலிக்கிறது என்றார். காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. செம்பனைக் குலையைத் தூக்கி லோரியில் எறிகிற மனிதர், பிழிந்தால் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டும், அது எனக்குப் பழக்கம். ஆனால் அன்றைக்கு வேலை நாள் இல்லையே. அது எனக்கு உறைக்கவில்லை. கோடாலித் தைலம் தேய்த்தேன். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். ஏப்பம் ஒன்று வந்தது. பார்த்தாயா, வாயுதான் என்றேன். அந்த வார்த்தையை முதலில் சொன்னது நான்தான்.

சாயந்திரம் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் டவுனில் ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனேன். எது என்று வேண்டாம், இப்போது அங்கே வேறு ஆட்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொடுத்தார்கள். நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்க்கிற இ.சி.ஜி. எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்க எனக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு ஒரே நிம்மதி. திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் நிறுத்தி ஒரு தே தாரிக், அதான் ஆற்றிய பால் டீ, குடித்தார். ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பக்கூட அவரால் முடியவில்லை, கட்டில் ஆடித்தான் முழித்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை இன்னும் மைலோ டின்னில் வைத்திருக்கிறேன். அதில் மலாயில் 'ஜந்தோங்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. இருதயம்.

உங்கள் இரண்டு பேரிடமும் ஏன் வாயு என்று சொன்னேன் தெரியுமா? வாயு என்றால் விதி. இருதயம் என்றால், மத்தியானத்திலிருந்து தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்.

இதை இப்போது கிளறக் காரணம் பாப்பாதான். தாதிப் படிப்பில் அவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தார்களாம். அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன்னால் இருதய நோய் கண்டிருந்தால், அம்மாவோ அக்கா தங்கையோ 65க்கு முன்னால் கண்டிருந்தால், மற்றவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு 44. நீ அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறாய், என் வாயால். உன் பிரஷர் 138க்கு 88, கொழுப்பு கொஞ்சம் கூட, வயது 28 என்று மட்டும் கேட்டவர்களுக்கு நீ ஒரு வகை ஆள். அப்பா 44இல் போனவர் என்று சேர்த்துச் சொன்னால் நீயே வேறு ஆள். பாப்பா இதைச் சொன்ன அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

அந்தப் போன் விஷயத்தை நீ முதலில் சொன்னபோது நான் சிரித்தது உண்மைதான். தொட்டுப் பார்க்காமல், நாக்கை நீட்டச் சொல்லாமல், போனில் என்ன வைத்தியம் என்றேன். இங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் பார்த்த பார்வையிலேயே பாதிப்பேர் எழுந்து நடந்தார்கள். அப்புறம் பாப்பா விளக்கினாள். அது வைத்தியம் இல்லையாம், பயிற்சியாம். நீ இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கமே 2009இல் தொடங்கி இலவசமாக நடத்துகிறதாம். தொடங்கிய காலத்தில் ஆறு மாதத்தில் பத்து அழைப்பு என்று வைத்திருந்தார்களாம். பேசுவதும் படித்துத் தேறியவர்கள்தான். அதற்கு முன்பே மெல்பர்னில் இருதய நோயாளிகளை வைத்துப் பார்த்து 2003இல் எழுதியிருக்கிறார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தவர்களைவிட, அதோடு போனில் பேசிப் பழக்கியவர்களுக்குக் கொழுப்பு கூடுதலாக இறங்கியதாம். போன் வந்து தட்டிலிருந்து சோற்றை எடுத்துவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த வாரம் ஒரு ஆள் கேட்பார் என்று தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும் இல்லையா?

எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? அவர்கள் திட்டுவதில்லையாம். நானாக இருந்தால் திட்டியே கொன்றிருப்பேன். பாப்பா என்னிடமே செய்து காட்டினாள். "அம்மா, வாரத்தில் எத்தனை நாள் நடக்க முடியும்?" மூன்று என்றேன். "முடியும் என்கிற நம்பிக்கை 10க்கு எத்தனை?" ஆறு என்றேன். நான் எதிர்பார்த்தது, ஏன் ஆறுதான் என்ற கேள்வியை. அவள் கேட்டது, "10க்கு மூன்று என்று சொல்லாமல் ஏன் ஆறு என்றாய்?" நான் உடனே, முழங்கால் இப்போது தேவலை, கடை பதினோரு மணிக்குத்தான் திறக்கிறேன், பக்கத்து வீட்டு அக்காவும் வருகிறேன் என்றாள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாம் என் வாயிலிருந்தே வந்தது. கெட்டிக்காரத்தனமான வேலைதான் அது. மூன்று வாரமாக நடக்கிறேன், நம் தாமான் குடியிருப்புத் திடலை நாலு சுற்று. மழை வந்தால் இல்லை.

நீ நாலாவது அழைப்பை எடுக்கவில்லை, ஐந்தாவதையும் எடுக்கவில்லை என்று பாப்பா சொன்னாள். கோபித்துக்கொள்ளாதே, நான்தான் தோண்டிக் கேட்டேன். வேலை முடியும் நேரம், ரயிலில் கூட்டம், எல்லாம் சரி. ஆனால் உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அந்த வாரம் சொன்னபடி செய்திருக்க மாட்டாய், கேட்டால் என்ன சொல்வது என்று வெட்கம். சின்ன வயதில் வீட்டுப்பாடம் செய்யாத அன்றைக்கு உனக்கு வயிறு வலிக்குமே, அதே வலிதான். செய்யவில்லை என்று சொல்வதற்கும் அந்த அழைப்பை எடுக்கலாம், தம்பி.

நாம் இரண்டு பேரும் போனில் பேசுகிற லட்சணத்தைப் பார். சாப்பிட்டியா என்பேன், சாப்பிட்டேன் என்பாய். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று நான் கேட்டதே இல்லை. சாப்பிட்டேன் என்ற சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பெண்தான் கேட்டாள், ராத்திரி பத்தரைக்குத் தாப்பாவ், அதாவது பொட்டலமாக, வாங்கிய நூடல்ஸ் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். முன்பின் தெரியாதவளிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே என்று முதலில் சுருக்கென்றது. பிறகு தோன்றியது, முன்பின் தெரியாதவள் என்பதால்தான் சொல்ல முடிந்திருக்கிறது.

28 வயதில் வலிக்கவா செய்யும்? பிரஷர் வலிக்காது. பாப்பா சொன்ன இன்னொன்று: அமெரிக்காவில் 1985, 86இல் 18 வயதிலிருந்து 30 வயதுக்குள் 5,115 பேரைச் சேர்த்து, பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார்கள். கார்டியா என்று பேராம். உடல் பருக்காமல், புகைக்காமல், குடி மிஞ்சாமல், நடந்து, சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு, இந்த ஐந்தையும் இருபது வருஷம் காப்பாற்றியவர்களில் 100க்கு 60 பேர் நடுவயதில் இருதயத்துக்கு ஆபத்துக் குறைவாக இருந்தார்கள். ஐந்தில் ஒன்றோ, ஒன்றுகூட இல்லாமலோ இருந்தவர்களில் அப்படி இருந்தது 100க்கு மூன்றே பேர். கேட்டதும் எனக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய நாள்தான் ஞாபகம் வந்தது. விடியற்காலையில் வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டுத்தான் கத்தி வைப்போம். நூல் மாதிரிதான் இருக்கும். அதை உரிக்காமல் வெட்டினால் பால் மங்குக் கிண்ணத்துக்கு வராது, கோட்டைத் தாண்டிப் பட்டையில் வழிந்து ஓடும். ரத்தக் குழாயில் கொழுப்பும் உன் வயதிலேயே படிய ஆரம்பித்துவிடுமாம், நூல் மாதிரி.

இங்கே பேக்கா பி40 என்ற அரசாங்க இலவசச் சோதனை 40 வயதுக்கு மேல்தான். அதில் என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், எனக்குச் சீனி நோய் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. இப்போது அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி மாத்திரை வாங்குகிறேன். உன் வயதுக்காரனை யாரும் தேடி வந்து பார்ப்பதில்லை. உன்னைத் தேடி ஒரு போன் வருகிறது, அதையும் நீ அடிக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஒரு கிளாஸ் தே தாரிக்குக்கு நான் ஊற்றுவது இரண்டு பெரிய கரண்டி டின் பால். அதில் ஏறத்தாழ பாதி சீனிதான். கரண்டியைத் தூக்கினால் அது அறுந்து விழாது, கயிறு மாதிரி இறங்கும், பிள்ளைகள் அதைப் பார்க்கவே நிற்பார்கள். நீயும் நின்றவன்தான். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு நாலு கிளாஸ், உனக்குப் பள்ளிக்கூடம் போகுமுன் ஒன்று. 2019 ஜூலையில் டின் பானங்களுக்குச் சீனி வரி போட்டார்கள், என் குவளைக்கு வரி போட யாரும் வரவில்லை. இப்போது கேட்பவர்களுக்கு ஒரு கரண்டி, நானே குடிப்பது தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத டீ. முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு டேப் வாங்கு, கடையில் தைப்பதற்கு விற்பார்களே, அது. தொப்புளை ஒட்டிச் சுற்றி அளந்து பார். வயிற்றை உள்ளே இழுக்காமல். நம்மவர்களில் ஆம்பிளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பிளைக்கு 80, அதற்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 96. சொல்லிவிட்டேன். உன்னுடையதை எனக்குச் சொல்ல வேண்டாம், அந்தப் பெண்ணிடம் சொல்.

அப்பாவின் அந்தத் தாளையும் பாப்பா படம் எடுத்து இதோடு அனுப்புகிறாள். 'ஜந்தோங்' என்ற இடத்தில் என் கைநகக் கீறல் இருக்கும், அதைப் பெரிசு பண்ணாதே. தேதியையும் வயதையும் பார்த்து அப்படியே சொல்லு. வாயு என்று அம்மாதான் சொன்னாள் என்றும் சொல்லிக்கொள், பரவாயில்லை.

தீபாவளிக்கு முறுக்கு அனுப்பவா வேண்டாமா என்று நீயே சொல். அனுப்பினால் சின்ன டின்தான்.

வியாழக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு உனக்கு அழைப்பு என்று பாப்பா சொன்னாள். இங்கே அப்போது நாலு மணி, பீசாங் கோரேங், அதான் வாழைப்பழப் பஜ்ஜி, எண்ணெயில் கிடக்கும் நேரம். அந்த நேரத்தில் அம்மா கூப்பிட மாட்டேன்.

அன்புடன்,
அம்மா