கீழவளவு ஊர் மக்களுக்கு எங்கள் நன்றி

கீழவளவு பெரியவர்களுக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் ஊர்ப் பஞ்சபாண்டவர் மலையை ஆசை தீரப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பினார்கள். முதல் நன்றி, குவாரிப் பள்ளத்தின் ஓரத்தில் வெயிலென்றும் பாராமல் கயிறு பிடித்து நின்ற தம்பிமாருக்கு. 2012-இல் மதுரை மாவட்டக் கிரானைட் முறைகேடு வெடித்தபின் வேலை நின்றுபோன பள்ளங்களில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடக்கிறது. பார்த்தால் இறங்கத் தோன்றும். ஒரு பிள்ளையைக்கூட நீங்கள் அந்தப் பக்கம் விடவில்லை. பெற்றவர்கள் எல்லோரும் உங்களைக் கையெடுத்துக் கும்பிடச் சொன்னார்கள்.

கல்லுடைக்கும் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது! கல்லின் வாட்டம் பார்த்து வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாற்றி மாற்றித் தட்டவேண்டும், சத்தம் மாறும்போது கல் பிளக்கப்போகிறது என்றீர்கள். பிறகு மலைக்குகைக்குள் வந்து, சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய சமணர் படுக்கையைத் தடவிப் பார்த்தீர்கள். தலைமாட்டில் கல்லையே தலையணையாக மேடாக விட்டிருப்பதை நீங்கள் தொட்டுக் காட்டிய பிறகுதான் கவனித்தோம். குகை நெற்றியில் நீளமாக ஓடும் காடியையும் காட்டி, “மழைத்தண்ணி உள்ள வழியாம இருக்க வெட்டுனது, எங்க வேலைதான் இது” என்றீர்கள். அந்த “எங்க” என்ற சொல்லைப் பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்குள்ள தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகள் சில தலைகீழாக வெட்டப்பட்டவை. அவற்றைத் தாளில் எழுதித் திருப்பிக் காட்டிய ஆய்வு மாணவிக்கும் நன்றி. கடலோரத் தொண்டியைச் சேர்ந்த ஒருவர், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் தங்கும் இந்தக் குகைப் பள்ளியைக் கொடையாகத் தந்த செய்தி அது. சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் 9, 10-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களுக்கு முன்னால் எங்கள் வாயாடிகள்கூட வாயைத் திறக்கவில்லை.

மலையின் ஓர் ஓரம் குவாரிக்குப் போயிருப்பதையும் பார்த்தோம். நெஞ்சு வலித்தது. மிச்சம் நிற்கிறதென்றால், அதில் கை வைக்காதே என்று குரல் கொடுத்தவர்களால்தான். இந்த மடல் முக்கியமாக அவர்களுக்கு.

எலுமிச்சைச் சோறு கட்டித் தந்த அக்காமாருக்கும், அரிட்டாபட்டிக் குடைவரைக் கோயிலைத் திறந்து, சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசர் சிற்பத்தைக் காட்டிய பூசாரி ஐயாவுக்கும், பொறுமையாகக் காத்திருந்த பேருந்து ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி.

பிள்ளைகள் வரைந்த படங்களை ஊர் நூலகத்துக்கு அனுப்பிவைக்கிறோம். கல்லுடைக்கும் ஐயா அவசியம் போய்ப் பார்க்கவேண்டும். உளித்தடம் சரியாக வந்திருக்கிறதா என்று அவரைத்தான் கேட்கச் சொல்கிறார்கள்.

அன்புடன்,
ஒன்பதாம் வகுப்பு மாணவர்களும் ஆசிரியர்களும்
மதுரை