கேரட் தோட்டத்தில் ஒரு கம்மல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் போன் வந்த அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மெட்டல் டிடெக்டர் வாங்கிவிட்டாய் என்பதால் அல்ல, அது நல்ல விஷயம்தான். "மாமா, உங்க மலையில பழைய கல்வட்டம் எல்லாம் இருக்குன்னு சொல்வீங்களே, அங்கேயே ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்டாய் பார், அதுதான். கல்வட்டம் என்றால் அந்தக் காலத்து மனுஷர் இறந்தவர்களுக்காகக் கல்லை வட்டமாக அடுக்கி வைத்த இடம். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்பாய், அப்புறம் உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலவே கருவியை வாங்கி வைத்துக்கொண்டு முழிக்கிற பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போடுகிறேன். உன் பேரை எங்கேயும் சொல்லவில்லை, பயப்படாதே.

நான் முப்பது வருஷம் கோத்தகிரிப் பக்கம் டீ ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன் என்பது உனக்குத் தெரியும். தூள் சலித்து வருகிற இடத்தில் காந்தம் வைத்திருப்பார்கள். ரோலர் தேய்ந்து விழும் இரும்புப் பொடி அதில் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த மீசையை மழித்து மழித்தே எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது என்று உன் அத்தை சொல்வாள். ஒரு பழைய டிடெக்டர் கைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கிடைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கருவியைப் புரிந்துகொள். அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் காயில், அதாவது கம்பிச் சுருள், இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும். மண்ணுக்குள் உலோகம் ஏதாவது இருந்தால் அதற்குள்ளும் குட்டி குட்டியாகச் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அது திருப்பிக் கொடுக்கும் பதில் ஒரு துளி தாமதமாக வந்து சேரும். எவ்வளவு தாமதம் என்பதை வைத்துத்தான் திரையில் எண் வருகிறது. செம்பும் வெள்ளியும் என்றால் எண் மேலே, இரும்பு என்றால் அடியில். நடுவில்தான் வம்பு. மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் மெல்லிய தங்கமும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். "குப்பைச் சத்தம் வேண்டாம்" என்று அந்த எண்களை அணைத்து வைத்தாயானால் கம்மலையும் சேர்த்தே அணைத்துவிட்டாய் என்று அர்த்தம். ஆகவே முதல் மாதம் எதையும் அணைக்காதே. கேட்பதையெல்லாம் தோண்டு, குப்பையாக இருந்தாலும் தோண்டு. காது பழகுவது அப்படித்தான்.

வீட்டில் இருக்கும்போதே ஒரு வேலை செய். மொட்டை மாடி வேண்டாம், கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கும். மண் தரையில் ஒரு ரூபாய், பாட்டில் மூடி, ஆணி, மாத்திரை அட்டை, ஒரு மோதிரம் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி வைத்து ஒவ்வொன்றின் மேலும் காயிலை ஓட்டிப் பார். எண்ணை ஒரு நோட்டில் எழுதி வை. மோதிரத்தைப் புதைத்துப் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் போய்க் கேட்காதே, மேலே வைத்தாலே போதும்.

ஷூவில் இரும்பு வேண்டாம், செல்போனைக் காயில் பக்கம் கொண்டுபோக வேண்டாம். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு உடம்பில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டைத் தேட, டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே ஒரு கருவியோடு போனார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த ஸ்பிரிங்குகளும் சேர்ந்து கத்தின என்று சொல்வார்கள். பெல்லுக்கே அந்தக் கதி என்றால் நமக்கு?

இங்கே வந்த பிறகு இன்னொரு தொல்லை உண்டு. நம் மலைச் செம்மண்ணிலேயே இரும்பு கலந்திருக்கிறது. கோயம்புத்தூர்ப் பூங்காவில் அமைதியாக இருந்த கருவி இங்கே காயிலைத் தரையில் வைத்ததும் புலம்ப ஆரம்பிக்கும். கிரவுண்ட் பேலன்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்துக் காயிலை மேலும் கீழும் மெல்ல ஆட்டி, சத்தம் சமமாகும் வரை அதைச் சரிசெய். அப்படியும் அடங்காவிட்டால் சென்சிடிவிட்டியைக் குறை. நிறைய பேர் அதை உச்சத்தில் வைத்தால்தான் ஆழம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். இந்த மண்ணில் இரைச்சல்தான் கிடைக்கும். ஒரு சாண் ஆழத்தில் ஒரு காசு தெளிவாகக் கேட்டால் அதுவே பெரிய விஷயம். மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகக் கேட்கும். கோடை மழை ஒன்று விழுந்த பிறகு வா.

காயிலை வீசும்போது பெருக்குமாறு மாதிரி கடைசியில் தூக்காதே. தரைக்கு ஒட்டியே, மெதுவாக, ஒரு வீச்சு அடுத்ததைப் பாதி மூடுகிற மாதிரி போ. சத்தம் கேட்டால் திரும்பி நின்று குறுக்காகவும் ஒரு தடவை வீசு. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கேட்கிறதா, அங்கே தோண்டு. ஹெட்போன் போட்டால் ஒரு காதை மட்டும் மூடு. காட்டெருமை பீப் அடித்துக்கொண்டு வராது. இங்கே டீச் செடிக்கு நடுவில் அது நிற்பதே தெரியாது, பாறை என்று நினைத்துப் பக்கத்தில் போய்விடுவோம். கரடியும் உண்டு. பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அதில் பேச்சே கிடையாது.

தோண்டுவதற்குக் களைக்கொத்து போதும். புல்லை மூன்று பக்கம் வெட்டி நாலாவது பக்கம் மடக்கி வை, மண்ணை ஒரு துணியில் போடு, தேடி முடித்ததும் மண்ணைத் திரும்பக் கொட்டிப் புல்லை மூடி மிதித்துவிடு. அடுத்த நாள் நீயே வந்தாலும் தோண்டின இடம் தெரியக் கூடாது. ஒரு சின்னக் குழியில் மாட்டின் கால் சிக்கினால் போதும், அப்புறம் இந்த மலையில் யாருமே உன்னைத் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். கவாத்து வெட்டிய தோட்டமாக இருந்தால் நடமாட வசதி, ஆனால் செடியின் வேர்ப் பக்கம் கொத்தாதே.

என்ன கிடைக்கும் என்று கேட்பாய். பெரும்பாலும் பாட்டில் மூடி. டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022-இல் நம் மாவட்டத்தில் கொண்டுவந்தார்கள். பாட்டில் போகிறது, மூடி நம் மண்ணுக்கு வருகிறது. அதற்கு அடுத்தது 1957-க்குப் பிறகு வந்த பைசாக்கள். எட்டு வளைவு இருக்கிற அலுமினியப் பத்துப் பைசா எல்லாம் நீ கண்ணால் பார்த்திருக்க மாட்டாய். அப்புறம் மாட்டு லாடம், பூட்டு, முறிந்த அரிவாள். இரும்புதானே என்று தூக்கி எறியாதே. இந்த மலையில் படுகருக்கும் தோடருக்கும் அரிவாளும் கத்தியும் அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர்கள். பழைய நிலத்தில் கையால் அடித்த இரும்பு கிடைத்தால் அவர்கள் பட்டறையில் பிறந்ததாக இருக்கலாம்.

பைக் கிளட்ச் கம்பி வளையமாகக் கிடைத்தால் மட்டும் விளையாட்டில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்கு அது, சிறுத்தையும் அதில் மாட்டும். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தவை இரண்டே இரண்டு. ஒன்று ஓட்டைக் காலணா. 1943-இலிருந்து 1947 வரை, யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்தது. எனக்குக் கிடைத்தது ஒரு போல்ட்டோடு. யாரோ புண்ணியவான் வாஷருக்குப் பதில் அதை மாட்டி நட்டை முடுக்கியிருக்கிறான், துரு ஏறி மூன்றும் ஒன்றாகிவிட்டது. நான் பிரிக்கவே இல்லை.

இன்னொன்று நம் பழைய லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)க் கீழே, குழாயடிப் பக்கம் கிடைத்தது. சதுரமாக, மூலை மழுங்கி, நம் அஞ்சு பைசா மாதிரியே இருந்தது. கழுவிப் பார்த்தால் சிங்கள எழுத்து. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில்தானே, இலங்கையில் இருந்த நாமெல்லாம் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் உட்கார்ந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். யார் மடியிலிருந்து விழுந்ததோ. போன தீபாவளிக்கு வந்தபோது அதை உன் அம்மா கையில் வைத்தேன். கண்ணாடிகூடப் போடவில்லை, விரலால் தடவிவிட்டு "அஞ்சு சதம்" என்றாள். ஐம்பது வருஷமாகப் பைசா என்று பேசியவள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

உனக்குச் செப்புக் காசு கிடைத்தால் புளி போட்டு மட்டும் தேய்க்காதே. நான் முதலில் கிடைத்த காலணாவைக் குத்துவிளக்கு மாதிரி பளபளப்பாக்கி, அதிலிருந்த எழுத்தையும் சேர்த்து அழித்துவிட்டேன். தண்ணீரில் ஊற வைத்து மண்ணை நீக்கினால் போதும்.

ஊர் விஷயம் ஒன்று. நான் முதல் நாள் ஹெட்போனும் கையுமாக மைதானத்தில் இறங்கியபோது பத்துப் பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி, ஃபேக்டரிக்காரருக்குக் குடம் கிடைத்துவிட்டது, மூடியில் பாம்பு சுற்றியிருந்தது என்று. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பாட்டி வந்து, பூதத்துக்குக் கோழி கொடுத்தாயா என்று அக்கறையாக விசாரித்தது. நமக்குப் புதையல் என்றாலே பூதமும் மையும்தானே. அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் நிலத்துக்காரரிடம் முதல் நாளே சொல்லி, அவரையும் கூட நிற்க வைத்து, எடுத்த பாட்டில் மூடிகளை எல்லாம் திண்ணையில் பரப்பிக் காட்டிவிட்டுத்தான் வருகிறேன். நீயும் அப்படியே செய்.

இப்போது கல்வட்டம். அது கூடாது மாப்பிள்ளை. 1870-ஐ ஒட்டி நீலகிரிக்கு முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் துரை இந்தக் கல்குவியல்களில் நிறைய தோண்டினார். அவருக்கு முன்னாலும் வெள்ளைக்காரர்கள் தோண்டியிருக்கிறார்கள். வெண்கலக் கிண்ணம், பொன் நகை, எருமையும் யானையும் உட்கார்ந்திருக்கும் மண் மூடிகள் என்று எவ்வளவோ கிடைத்தன. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் கொஞ்சம், சென்னை எழும்பூரில் கொஞ்சம் இருக்கின்றன. எழும்பூரில் போய்ப் பார், அவ்வளவு அழகு. ஆனால் எது எந்தக் குழியில், எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற குறிப்பு ஒழுங்காக இல்லாததால் அவற்றின் காலத்தைச் சொல்ல இன்றைக்கும் ஆய்வாளர்கள் திணறுகிறார்கள். படித்த கமிஷனர் தோண்டியதற்கே அந்த நிலை. நீயும் நானும் களைக்கொத்தோடு போனால் என்ன மிஞ்சும்? அந்தக் கிண்ணம் நம் கைக்கு வந்த நிமிஷம் அது வெறும் ஈயம் பூசாத கிண்ணம்.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். 1878-இல் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் என்ன, எங்கே, எப்போது கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். அந்தக் காலத்துப் பத்து ரூபாய்தான், ஆனால் சட்டத்தில் பத்து என்றுதான் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பக்கமே போகாதே. ரிசர்வ் ஃபாரஸ்ட், வெலிங்டன் ராணுவ இடம், அருவங்காடு தொழிற்சாலைச் சுற்றுவட்டம், ரயில் பாதை, இங்கெல்லாம் கருவியைப் பையிலிருந்தே எடுக்கக் கூடாது. பந்தலூர், தேவாலாத் தங்கம் என்று நீ இழுத்ததற்கும் இதுவே பதில். அங்கே 1880 வாக்கில் லண்டன் கம்பெனிகள் போட்டி போட்டு இறங்கிச் சில வருஷத்திலேயே கையைச் சுட்டுக்கொண்டன. வெண்கல் (குவார்ட்ஸ்) பாறைக்குள் தூளாகக் கலந்திருக்கிற தங்கம் உன் கருவிக்குக் கேட்காது. பழைய சுரங்கக் குழிகள்தான் புதருக்குள் வாய் திறந்து கிடக்கின்றன.

அப்படியானால் எங்கே ஆரம்பிப்பது? அதற்குத்தான் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

1992-இல் இங்கிலாந்தில் ஹாக்ஸ்னே என்ற ஊரில் ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோனது. எரிக் லாஸ் என்ற நண்பர் டிடெக்டரோடு அதைத் தேடப் போனார். கிடைத்தது ரோமானியர் புதையல், காசு மட்டும் சுமார் 15,000. மனுஷன் கொஞ்சம் எடுத்துப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் தொல்லியல்காரர்கள் வந்து ஒழுங்காக எடுத்தார்கள். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எனக்கு அந்தச் சுத்தியல் மேல்தான் பிரியம்.

நம் சுத்தியல் ஒரு கம்மல். எதிர் வீட்டு அக்காவுக்கு மாசி மாசம் கேரட் பிடுங்கும்போது திருகாணி கழன்று ஒரு பக்கத்துக் கம்மல் விழுந்துவிட்டது. அவள் கல்யாணத்துக்குப் போட்டது. குறி கேட்டாள், "கிழக்கே கிடக்கு" என்றார்களாம். கிழக்குப் பக்கம் இரண்டு பாத்தியை என் கிழட்டுக் கருவியோடு அலசிவிட்டேன், ஒரு சின்ன வெங்காய அளவுக்குக்கூட இல்லாத தங்கத்தைக் கேட்கும் திறமை அதற்கு இல்லை. உன்னுடையது அதிக ஃப்ரீக்வென்சியிலும் வேலை செய்யும் என்றாய், சின்னத் தங்கத்துக்கு அதுதான் சரி. இன்னும் நாலு பாத்தி பாக்கி. வைகாசியில் அடுத்த விதைப்புக்கு நிலத்தைக் கொத்திவிடுவார்கள், அதற்குள் வந்தால் உண்டு.

கிடைக்காமலும் போகலாம், அதனால் அவளிடம் இப்போதே எதுவும் சொல்லவில்லை. வரும்போது அம்மாவிடம் பழைய சேலை ஒன்று வாங்கி வா, மண்ணைக் கொட்டித் தேட.

உன் மாமா