பக்கம் இறுகி நிற்பதற்குக் கவரேஜ் மட்டும் காரணமல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எமது ஊரைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர், இணையவழி விண்ணப்பமொன்றை நிரப்புவதற்கு உதவி கேட்டு அண்மையில் என்னிடம் வந்திருந்தார். பெயர், முகவரி, காணி விபரம் எல்லாவற்றையும் தமது கைத்தொலைபேசியிலேயே பொறுமையாகத் தமிழில் தட்டச்சுச் செய்து முடித்தார். தேசிய அடையாள அட்டையைப் படம் எடுத்து இணைக்குமாறு பக்கம் கேட்டதும் கமராவைத் திறந்தார். படத்தை எடுத்துவிட்டுத் திரும்பியபோது படிவம் வெறுமையாக இருந்தது. இவ்வாறு மூன்று தடவை நடந்த பின்னர், "கவரேஜ் காணாது சேர், மாங்குளத்துக்குப் போய்த்தான் பார்க்க வேணும்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

அன்று கவரேஜ் நன்றாகவே இருந்தது. அவருடைய கைத்தொலைபேசியில் இருந்ததோ 2 ஜிகாபைற் நினைவகம். கமரா திறந்தவுடன் அதற்கு இடம் கொடுப்பதற்காக, பின்னணியில் நின்ற உலாவியை அன்ட்ரொயிட் இயங்குதளம் மூடிவிட்டது. அவர் திரும்பி வந்தபோது உலாவி அந்தப் பக்கத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடி ஏற்றியது. நிரப்பிய விபரங்களை இடையிடையே சேமிக்கும்படி படிவத்தை ஆக்காதது அந்தத் தளத்தை எழுதியவர்களின் குறை. ஆனால் ஒரு சாதாரண படிவத்தைக் காட்டுவதற்கு உலாவி எவ்வளவு நினைவகத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது, உலாவிக்குள் இயங்கும் இயந்திரத்தை, அதாவது பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருட் பகுதியைப் பொறுத்த விடயமும் ஆகும். இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றி எமது பகுதியில் எவரும் பேசுவதில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

மல்லாவிப் பகுதிப் பாடசாலையொன்றில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர் நான். கவரேஜைக் குற்றம் சொல்லும் பழக்கம் சரிதானா என்று பார்ப்பதற்காக, அடிக்கடி இறுகி நிற்கும் நீளமான பக்கமொன்றை முழுமையாகக் கணினியில் சேமித்து, அதனைக் கேபிள் மூலம் ஒரு பழைய கைத்தொலைபேசிக்கு மாற்றி, டேட்டாவை நிறுத்திவிட்டு மாணவர்களுடன் திறந்து பார்த்தேன். இணையத் தொடர்பே இல்லாத நிலையிலும் விரலால் தள்ளத் தள்ள அந்தப் பக்கம் அப்படியே நின்று, சில செக்கன்களின் பின்னரே அசைந்தது. கோபுரத்திலிருந்து வரும் சமிக்ஞைக்கும் அந்தத் தாமதத்துக்கும் தொடர்பில்லை என்பதை மாணவர்கள் அன்று கண்ணால் கண்டார்கள்.

இயந்திரம் என்பது உலாவியின் உள்ளே மறைந்திருக்கும் பகுதி. அது பக்கத்தின் குறிமொழியை (எச்.ரி.எம்.எல்.) வாசித்து ஒரு மரமாக அமைக்கிறது. நிறம், அளவு போன்ற அலங்கார விதிகளை அந்த மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் பொருத்துகிறது. ஒவ்வொரு பெட்டியும் திரையில் எங்கே அமரும் என்று கணக்கிடுகிறது. அதன் பிறகே வரைகிறது. பெரும்பாலான திரைகள் செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுவதால், ஒரு தடவைக்கு இயந்திரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் மட்டுமே. வயலில் ஒரு வரம்பு உடைந்தால் அந்த வரம்பைத்தான் கட்டுவோம். குளத்தின் கீழுள்ள வயல்வெளி முழுவதையும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. இயந்திரமும் அவ்வாறே, மாறிய பகுதியை மட்டும் அடையாளமிட்டு அதனை மட்டும் மறுபடி கணக்கிட வேண்டும். எங்கேயோ ஓர் அடையாளம் தேவைக்கு மேல் பரந்து விழுந்து, ஓர் எழுத்து மாறியதற்காகப் பக்கம் முழுவதும் மறுகணக்கிடப்படுமானால், அது விலையுயர்ந்த கைத்தொலைபேசியில் தெரியாது. எமது மக்களின் கைகளில் இருப்பதில் தெரியும். இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டுவதென்பதில் பெரும்பகுதி, இத்தகைய வீண் வேலைகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து நீக்குவதுதான்.

இந்த வேலையைச் செய்பவர்கள் எட்டமுடியாத இடத்தில் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. இன்று உலகில் பரவலாக உள்ள குரோமின் பிளிங்க், சபாரியின் வெப்கிற், பயர்பொக்ஸின் கெக்கோ ஆகிய மூன்று இயந்திரங்களின் மூலநிரல்களும் எவரும் வாசிக்கக்கூடியவாறு திறந்தே இருக்கின்றன. கே.டி.ஈ. என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ஆர்வலர்கள் எழுதிய கே.எச்.ரி.எம்.எல். என்ற இயந்திரத்திலிருந்தே அப்பிள் நிறுவனம் வெப்கிற்றை உருவாக்கி 2003 இல் சபாரி உலாவியை அறிமுகப்படுத்தியது. 2013 இல் கூகிள் அதிலிருந்து பிரித்தெடுத்ததே பிளிங்க். அதே ஆண்டில் ஒப்பேரா தனது சொந்த இயந்திரத்தைக் கைவிட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் தனது இயந்திரத்தை விட்டு, பிளிங்கை உள்ளடக்கிய குரோமியம் என்னும் திறந்த உலாவித் திட்டத்துக்கு மாறுவதாக 2018 டிசெம்பரில் அறிவித்தது. இயந்திரங்களின் எண்ணிக்கை குறையக் குறைய, ஒன்றில் உள்ள ஒரு வழு (நிரற்பிழை) மிகப் பெருந்தொகையான மக்களை ஒரே நேரத்தில் பாதிக்கின்றது என்பது எனக்குக் கவலை தரும் விடயம். சேர்வோ, லேடிபேர்ட் போன்ற திட்டங்கள் புதிய இயந்திரங்களை வளர்க்க முயல்வதை அதனாலேயே மகிழ்ச்சியுடன் பார்க்கின்றேன்.

பெரிய முன்னேற்றம் சாத்தியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2017 நவம்பரில் வெளிவந்த பயர்பொக்ஸ் 57 ஆம் பதிப்பில், அலங்கார விதிகளைப் பொருத்தும் வேலை, ரஸ்ற் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட புதிய பகுதியொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை செயலியின் ஒரே கருவில் (கோர்) வரிசையாக நடந்த அந்த வேலை, அதன் பின்னர் பல கருக்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. 2024 மார்ச்சில், ஒன்றுக்கொன்று போட்டியாக உள்ள நிறுவனங்களின் பொறியியலாளர்கள் சேர்ந்து ஸ்பீடோமீற்றர் 3 என்னும் வேகச் சோதனையை வெளியிட்டார்கள். அதனை எந்த உலாவியிலும் திறந்து இயக்கலாம். புத்தம்புதிய கணினிகளில் எடுக்கப்பட்ட புள்ளிகளையே நாம் செய்திகளில் காண்கிறோம். கிளிநொச்சிச் சந்தையில் பாவித்த பொருளாக வாங்கிய கைத்தொலைபேசியில் அதே சோதனை என்ன புள்ளி தருகிறது என்பதை நாமே அளந்து சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

வேகத்தைப் போலவே எழுத்தும் எமது பிரச்சினை. ஒரு காலத்தில் இலங்கைத் தமிழ்ப் பக்கங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வாசிக்கவே முடியாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான ஒருங்குறி (யுனிகோட்) வந்த பின்னர் அந்தத் துன்பம் நீங்கியது என்றாலும், வேறொரு பொறுப்பு இயந்திரத்தின் தலையில் விழுந்தது. 'கெ' என்று நாம் தட்டச்சுச் செய்யும்போது சேமிக்கப்படுவது முதலில் ககரமும் அதன் பின் கொம்பும். திரையிலோ கொம்பு முன்னால் வரவேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். குரோம், பயர்பொக்ஸ் ஆகியவற்றில் இதனைச் செய்து தருவது ஹாவ்பஸ் என்னும் பொது நிரல்தொகுதி.

எமது பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர், உயிர்மெய் எழுத்துகளைக் கற்பிப்பதற்காக மெய்யைக் கறுப்பிலும் உயிர்க்குறியைச் சிவப்பிலும் காட்டும் பக்கமொன்றை ஆக்கித் தருமாறு கேட்டார். ஆக்கினோம். ஓர் உலாவியில் சரியாகத் தெரிந்தது. இன்னோர் உலாவியில் கொம்பு ககரத்தின் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தின் அருகில் தனியே நின்றது. ஏழு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துத்தான் எழுத்தைப் படிக்க வேண்டும். ஆங்கிலப் பக்கங்களை மட்டும் பார்ப்பவருக்கு இப்படியொரு வழு இருப்பதே தெரியப்போவதில்லை. அவர் அக்கறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கண்ணில் அது படாது.

தமிழ் தவறாகத் தெரியும் எல்லா இடங்களிலும் இயந்திரம் குற்றவாளியல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'கௌரவம்' என்னும் சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டச்சுச் செய்துவிட்டு, தேடினால் கிடைக்கவில்லை என்று முறையிடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். அது எழுதியவரின் பிழை. மாறாக, ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டச்சுச் செய்யலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டச்சுச் செய்யலாம். இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. தேடும்போது ஒன்று அகப்பட்டு மற்றது அகப்படாவிட்டால், அதை வழு என்று தயங்காமல் அறிவிக்கலாம்.

அறிவிப்பது எப்படி என்பதில்தான் எமது மாணவர்கள் தடுமாறுகிறார்கள். 'இந்தப் பக்கம் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் எந்தப் பொறியியலாளராலும் எதுவும் செய்ய முடியாது. பக்கத்திலிருந்து தேவையற்றதை ஒவ்வொன்றாக நீக்கி, வழு இன்னும் தெரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்து, இனி ஒரு வரியை நீக்கினாலும் வழு மறைந்துவிடும் என்ற நிலைவரை சுருக்க வேண்டும். எமது எழுத்துப் பாடப் பக்கத்தை நாங்கள் சுருக்கியபோது எஞ்சியது நான்கு வரிகள். அடுத்ததாக, முன்னர் சரியாக இருந்து பின்னர் பழுதான விடயமென்றால் எந்தப் பதிப்பில் பழுதானது என்று தேட வேண்டும். இடையில் நூறு பதிப்புகள் இருந்தாலும், நடுவில் ஒன்றைச் சோதித்துப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் ஏழு சோதனைகளில் அகப்பட்டுவிடும். பயர்பொக்ஸுக்கு இதற்கென்றே மொஸ்றிகிறசன் என்ற கருவி உண்டு. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு, எந்தக் கைத்தொலைபேசி என்ற ஐந்து விடயங்களுக்கு எளிய ஆங்கிலத்தில் ஐந்து வசனங்கள் போதும். வழு திருத்தப்படும்போது அந்த நான்கு வரிப் பக்கமே சோதனையாக நிரலுடன் சேர்க்கப்படலாம். எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான வெப் பிளாட்போம் ரெஸ்ற்ஸ் என்னும் சோதனைத் தொகுதியில் சேர்ந்துவிட்டால், பிற்காலத்தில் எவரேனும் தவறுதலாக அதே பழுதை மீண்டும் புகுத்தினாலும் சோதனை காட்டிக்கொடுக்கும்.

நாங்கள் அனுப்பிய அறிக்கை, முன்னரே பதிவான ஒன்றின் மறுபதிவு என்று குறிக்கப்பட்டது. மாணவர்கள் முதலில் மனம் சோர்ந்தார்கள். ஆயினும் எமது நான்கு வரிகள் அந்தப் பழைய அறிக்கையுடன் இணைக்கப்பட்டதையும், வேறு மொழிக்காரர் ஒருவர் தமது எழுத்திலும் இதே பழுது உண்டு என்று கீழே எழுதியதையும் கண்டபோது அவர்களுடைய முகம் மாறியது. வழு இன்னும் திருத்தப்படவில்லை. நாங்கள் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் சோதித்து வருகின்றோம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கின்றது; வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இவற்றில் கற்கும் மாணவர் ஒருவர் ஓர் இயந்திரத்தின் மூலநிரலில் வழுவொன்றைத் திருத்தி, அது பரிசீலனையில் தேறி ஏற்றுக்கொள்ளப்பட்டால், அதனை இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு நிகராக மதிப்பிடுவது பற்றி விரிவுரையாளர்கள் சிந்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். எவரும் பாவிக்காத இன்னொரு நூலக முகாமைத்துவ மென்பொருளை ஆக்குவதிலும் பார்க்க, அது கடினமானதும் பயனுள்ளதுமான வேலை. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களும், வழுவைச் சுருக்கும் பயிற்சியை ஒரு தவணையில் ஒரு தடவையாவது ஆய்வுகூடத்தில் செய்விக்கலாம். அதற்கு இணையத் தொடர்புகூடத் தேவையில்லை.

தங்கள் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய கைத்தொலைபேசி வாங்கியதும் பழையதை அலுமாரியில் போட்டு மறந்துவிடாமல், அது இயங்கும் நிலையில் இருந்தால், அதிலுள்ள சொந்தத் தரவுகளை அழித்துவிட்டு அருகிலுள்ள பாடசாலையின் கணினி ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். 1 அல்லது 2 ஜிகாபைற் நினைவகம் கொண்டவையும், திரையின் மூலை வெடித்தவையும் எமக்கு மிகவும் தேவை.

இங்ஙனம்,
தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர்,
மல்லாவி.