பாடசாலைக்கு வரும் காசு எங்கே தேங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பழைய மாணவர்களின் நிதியில் யாழ். நகரக் கல்லூரியொன்றில் எழுந்திருக்கும் மாடிக் கட்டடம் பற்றிய செய்தியைத் தங்கள் பத்திரிகையில் படித்தேன். நல்ல காரியம். கொடுத்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தீவகத்தில் சாதாரண தரம் வரை வகுப்புள்ள ஒரு மாகாணப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் பொருளாளர். காசேடு என் கையில் இருப்பதால் சில விடயங்களைச் சொல்லத் தோன்றுகிறது.

போன மாதச் செலவுப் பக்கத்தைப் பார்க்கிறேன். போட்டோக்கொப்பி இயந்திரத்துக்கு டோனர், தண்ணீர் மோட்டாருக்குக் கொயில் சுற்றிய கூலி, மலசலகூடக் கதவுக்கு இரண்டு பிணைச்சல், கணிதம் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியைக்கு பஸ் காசு என்ற பெயரில் ஒரு சிறு தொகை. வரவுப் பக்கத்தில் பெற்றோரின் சந்தாவும் வசதிக் கட்டணமும் மட்டும்தான். பாதி வீடுகள் கடற்றொழிலை நம்பியவை. காற்றுக் காலத்தில் சந்தா கேட்கவே கூச்சமாக இருக்கும்.

அரசாங்கம் தராமல் இல்லை. ஆசிரியர் சம்பளம், பாடநூல், சீருடை எல்லாம் அங்கிருந்துதான். கல்விச் செலவின் பெரும்பகுதி சம்பளத்திலேயே முடிந்துவிடுகிறது. தர உள்ளீடு என்று வருடாவருடம் வரும் பணம் கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கானது. கதவுப் பிணைச்சலுக்கு அதைத் தொட முடியாது. அதுவும் பெரும்பாலும் மாணவர் தொகையை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளை நகரத்துக்குப் போகிறது. அதோடு அந்தப் பிள்ளையின் பங்கும் போய்விடுகிறது. அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்று ஒரு திட்டம் வந்தது நினைவிருக்கும். பெயரில் குறையில்லை.

கட்டடம், ஆய்வுகூடம் என்றால் வேறு வழி. மாகாண சபைகளைக் கொண்டுவந்த 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு தேசியப் பாடசாலைகள் கொழும்பு அமைச்சோடும் மற்றவை மாகாணத்தோடும் ஆகிவிட்டன. மாகாணத்துக்கான அபிவிருத்தி நன்கொடை நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் வருகிறது. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன்களும் உண்டு. தெரிவுப் பட்டியலில் இடம் கிடைத்த பாடசாலைகளுக்கு அவற்றால் ஆய்வுகூடங்கள் கிடைத்தன. பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் அடுத்த திட்டத்தைக் காத்திருக்கவேண்டியதுதான். 2018 ஒக்டோபரோடு வட மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு, எந்தப் பாடசாலைக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று சபையில் எழுந்து கேட்கவும் ஆளில்லை.

மிச்சம் பழைய மாணவர் சங்கங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளையுள்ள கல்லூரிக்கு நீச்சல் தடாகமே வரும். எங்களிடம் படித்தவர்களிலும் வெளிநாட்டில் இருப்பவர்கள் உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பிலேயே நகரத்துக் கல்லூரிக்குப் போனவர்கள் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்களாகத்தான் காசு அனுப்புகிறார்கள். அனுப்பினாலும் சலவைக்கல்லில் பெயர் பொறிக்கக்கூடிய ஒன்றுக்குத்தான். கோயிலில் தேர்த்திருவிழா உபயத்துக்கு அடிபடுவார்கள், நித்திய பூசைக்கு ஐயர் எண்ணெய்க்கு அலைவார். அந்தக் கதைதான் இங்கேயும். எங்களுக்கும் ஒருவர் ஸ்மார்ட் போர்ட் தந்தார். அது பழுதாகி, இப்போது பழைய படுக்கை விரிப்பால் மூடிக்கிடக்கிறது. திருத்துகிற செலவுக்கு உபயகாரர் இன்னும் கிடைக்கவில்லை.

பொது நிதி என்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், நாங்கள் இந்து போர்ட் என்று சொல்வது, ஊர் ஊராகப் பல பாடசாலைகளை ஒரே சபையாக நடத்தியது. உதவி நன்கொடை அரசிடமிருந்து வந்தது. மீதியைச் சபை தேடிக்கொண்டது. கொடுத்தவர் தன் பள்ளிக்கூடத்தை மட்டும் பார்க்கவில்லை. 1960-61இல் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது அந்த ஏற்பாடு முடிந்துபோனது. அதன் பிறகு பழைய மாணவர் சங்கங்கள் தனித்தனித் தீவாகவே வளர்ந்தன.

தான் படித்த பள்ளிக்குத்தான் கொடுப்பேன் என்று ஒருவர் சொன்னால் அது இயல்பு. அதை மாற்றச் சொல்லிச் சட்டம் போட்டால் வருகிற காசும் நின்றுவிடும். ஆனால் அரசின் காசை எதிர்த்திசையில் திருப்பலாமே. யாழ். மாவட்டத்தின் ஐந்து வலயக் கல்விப் பணிமனைகளும் ஒவ்வொரு பாடசாலைக்கும் எல்லா வழிகளிலும் வந்த தொகையை வருடத்துக்கு ஒருமுறை பகிரங்கமாக வெளியிடட்டும். நன்கொடையாளர் இல்லாத பாடசாலைகளுக்கு மாகாண நிதியில் முதலிடம் கொடுக்கட்டும்.

பெரிய சங்கங்களிடமும் ஒரு கேள்வி. கட்டடம் ஒன்றுக்குச் சேர்க்கும்போது பத்தில் ஒரு பங்கை உங்கள் வலயத்திலுள்ள சிறிய பாடசாலையொன்றின் பராமரிப்புக்கு ஒதுக்க முடியாதா? அதிகாரிகள் கையில் போனால் காசு கரைந்துவிடும் என்று பயந்தால், நேரே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போடுங்கள். கணக்காய்வு செய்த அறிக்கையை நாங்கள் அனுப்புகிறோம். எங்களுக்கு முதலில் வேண்டியது கணித ஆசிரியைக்கு ஒழுங்கான ஒரு மாதக் கொடுப்பனவு. அதற்குப் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொருளாளர் ஒருவர்,
தீவகம், யாழ்ப்பாணம்.