மறுஆக்கங்களுக்கு ஒப்புதல் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹாலிவுட் ஸ்டுடியோ நிர்வாகிகளுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பழைய அறிவியல் புனைகதைப் படம் ஒன்றை மறுபடி எடுக்க முடிவானதும், அது காட்டியவற்றையெல்லாம் பட்டியல் போடுகிறீர்கள்: இயந்திரக் கவசம், குரங்கு முகம், ராட்சத மிருகம். அவற்றையே பெரிதாக்கப் பணம் ஒதுக்குகிறீர்கள். அந்தப் படம் எதைச் சொல்லாமல் அடக்கிவைத்தது, எந்த இடத்தில் அவிழ்த்தது என்று முதலில் பாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

1968இல் வந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தில் மனிதர்களுக்குப் பேச்சு கிடையாது. விண்வெளி வீரன் டெய்லர் தொண்டையில் குண்டுக்காயம் பட்டவன். அவனாலும் பேச முடியவில்லை. குரங்குகள் அவனையும் விலங்கென்றே எண்ணிக் கூண்டில் அடைக்கின்றன. தப்பி ஓடி, வலையில் சிக்கித் தொங்கும்போதுதான் வாய் திறக்கிறான். சுற்றி நிற்கும் கூட்டம் உறைந்துபோகிறது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு வலை, ஒரு குரல், அதுவரை காத்த மௌனம்.

2001இல் டிம் பர்ட்டன் எடுத்த மறுஆக்கத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் செலவானது. ரிக் பேக்கரின் ஒப்பனை இன்றும் பார்க்கப் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் அதில் எல்லா மனிதர்களும் பேசுகிறார்கள். நாயகன் பேசுவது யாருக்கும் அதிர்ச்சி இல்லை. கதையின் அச்சாணியே கழன்றுவிட்டது. படப்பிடிப்பு 2000 நவம்பரில் தொடங்கியது, படம் 2001 ஜூலையில் திரைக்கு வந்தது. அந்த அவசரத்தில் ஒப்பனையைக் காப்பாற்ற முடிந்தது, திரைக்கதையை முடியவில்லை.

பத்தாண்டு கழித்து, 2011இல், ஏறக்குறைய அதே அளவு பணத்தில் இயக்குநர் ரூபர்ட் வையட் ‘ரைஸ் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தில் அந்த மௌனத்தை எடுத்துக் குரங்கிடம் கொடுத்தார். சீசர் என்ற அந்தக் குரங்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் சைகையிலும் கண்ணிலும் மட்டுமே பேசுகிறது. மின்தடியோடு வரும் காவலாளியின் கையைப் பிடித்து அது “நோ” என்று கத்தும்போது, சீசராக நடித்த ஆண்டி செர்கிஸின் நடிப்பும் வேட்டா நிறுவனத்துக் கிராஃபிக்ஸ் கலைஞர்களின் உழைப்பும் ஒரே சொல்லில் வந்து குவிகின்றன. பாலத்துச் சண்டை பிரம்மாண்டம்தான். ஆனால் அதைப் பார்க்க நம்மை இருக்கையில் பிடித்துவைத்தது அந்த ஒரு சொல்.

‘ரோபோகாப்’ படத்திலும் இதே கணக்குதான். 1987இல் வந்த படத்தில், இயந்திரக் காவலனாக்கப்பட்ட மர்ஃபிக்குத் தான் யார் என்பதே நினைவில்லை. விற்பனைக்கு விடப்பட்ட காலி வீட்டில் நடக்கும்போது மனைவியும் மகனும் துண்டு துண்டாக நினைவுக்கு வருகிறார்கள். 2014 மறுஆக்கத்தில் தொடக்கத்திலேயே அவனுக்கு எல்லாம் தெரியும், தேடுவதற்கு எதுவுமில்லை. இருந்தும் அந்தப் படத்தில் ஒரு காட்சி நிற்கிறது: கவசத்தைக் கழற்றி, மிச்சமிருப்பது தலையும் நுரையீரலும் இதயமும் ஒரு கையும்தான் என்று கண்ணாடியில் அவனுக்கே காட்டுவது. அதுவும் கிராஃபிக்ஸ்தான். எனவே எங்கள் சண்டை கிராஃபிக்ஸோடு அல்ல.

கோளாறு வேலையின் வரிசையில் இருக்கிறது. வெளியீட்டுத் தேதி முதலில் அறிவிக்கப்படுகிறது. திரைக்கதை முடியுமுன்பே சண்டைக்காட்சிகளுக்குப் ப்ரீவிஸ் (படமெடுக்குமுன் கணினியில் செய்யும் மாதிரிக் காட்சி) தயாராகிறது. பிறகு எழுத்தாளர், ஏற்கெனவே முடிவான இரண்டு சண்டைகளுக்கு நடுவே பாலம் கட்டுபவராகிறார். ஷாட்டுகள் பல நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டபின் க்ளைமாக்ஸ் மாறினால், முடித்த வேலை குப்பைக்குப் போகிறது. மறுவேலை இரவு பகலாக நடக்கிறது. எடிட்டிங்கில் நேரத்தைக் குறைக்க வேண்டி வந்தால், காசு கொட்டிய ஷாட்டை வெட்ட யாருக்கும் மனம் வராது. இரண்டு பேர் சாப்பாட்டு மேசையில் பேசும் காட்சிதான் போகும். அந்தக் காட்சி போனால் க்ளைமாக்ஸில் யார் செத்தாலும் நமக்கு வலிக்காது.

2023இல் தக்காஷி யமசாக்கி ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ படத்தை எழுதி, இயக்கி, விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) மேற்பார்வையும் தானே செய்தார். விஎஃப்எக்ஸுக்கு 35 பேர், 610 ஷாட். அடுத்த ஆண்டு அதற்கே ஆஸ்கர். திருத்தம் சொல்பவரும் கதை எழுதியவரும் ஒருவரே என்பதால், எந்த ஷாட் எதற்கு என்பது மேசையிலேயே முடிவானது. சாவுக்கு அஞ்சி, விமானம் பழுது என்று பொய் சொல்லி இறங்கிய தற்கொலைப்படை விமானியின் கதை அது. கடைசியில் அவன் மிருகத்தின் வாய்க்குள் விமானத்தைச் செலுத்துகிறான். விமானியை வெளியே தூக்கியெறிந்து காப்பாற்றும் இருக்கை விமானத்தில் பொருத்தியிருப்பதை, அவன் பாராசூட்டில் மிதந்த பிறகே படம் நமக்குச் சொல்கிறது.

அடுத்த மறுஆக்கத்தில் தேதி அறிவிக்குமுன் ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: இந்தப் படம் எதை மறைக்கிறது, திரைக்கதையின் எத்தனையாவது பக்கம்வரை மறைக்கிறது, யாருக்கு அது தெரியும், யாருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் வராமல் ப்ரீவிஸ் குழுவை அமர்த்தாதீர்கள். முதல் தொகுப்பை, கிராஃபிக்ஸ் இடங்களில் சாம்பல் நிறப் பொம்மைகளோடு, கதை தெரியாத இருபது பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர்கள் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு ஷாட் சேர்க்க வேண்டாம். அதற்கு முன்னால் வெட்டியெறிந்த சாப்பாட்டு மேசைக் காட்சியைத் திரும்பக் கொண்டுவந்து, மறுபடி போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் புனைகதைப் படங்களை விடாமல் பார்ப்பவர்கள்